பூவுக்கு என்ன பசி? – இணுவில் வளவுகளின் எரு வரலாறு

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களோடு தொலைபேசியில் பேசும்போது, ஊர்ப்புதினங்கள் ஓய்ந்த பின்னர், அண்மைக் காலமாக ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. "சாடியில் மல்லிகை வைத்திருக்கிறோம். நன்றாகத் தழைக்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது. என்ன பசளை போடலாம்?" ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கேட்கிறார்கள். யாழ்ப்பாண நகரில் மாடிவீட்டில் வசிப்பவர்களும் கேட்கிறார்கள்.

நான் தோட்டக்கலை கற்றவன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் கமக்காரர்களின் பாடுகளை எழுதும் வாய்ப்பு அடிக்கடி கிடைத்தது. அந்த வகையில் இணுவிலின் தோட்டங்களையும் வீட்டு வளவுகளையும் பலமுறை பார்த்திருக்கிறேன். முதியவர்களிடம் கேட்டும் அறிந்திருக்கிறேன். மேற்படி கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்வதைவிட, அந்த ஊர் தன் செடிகளுக்கு எதை, எப்போது, ஏன் ஊட்டியது என்ற வரலாற்றைச் சொல்வதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. விடை அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரே வளவில் இரண்டு பயிர்கள்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கொக்குவிலையும் தாவடியையும் கடந்ததும் இணுவில் வருகிறது. வலிகாமத்தின் வளமான செம்மண் பூமி. மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணக்கல் இடுக்குகளில் இறங்கிக் கிணற்று நீராகிறது. அந்த நீரைத் துலாவால் இறைத்து, பின்னர் இயந்திரத்தால் இறைத்து, இணுவில் மக்கள் தோட்டம் செய்தார்கள்.

இணுவில் ஒரு கோயில் ஊருங்கூட. கந்தசுவாமி கோயில், சிவகாமி அம்மன் கோயில், பரராசசேகரப் பிள்ளையார் கோயில், செகராசசேகரப் பிள்ளையார் கோயில் என்று சிறிய நிலப்பரப்புக்குள் எத்தனை சந்நிதிகள்! நாதசுவரத்தையும் தவிலையும் வளர்த்த ஊர் என்ற பெருமையும் அதற்கு உண்டு. நாள்தோறும் பூசை நடக்கும் ஊரில் நாள்தோறும் பூ வேண்டும். ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையில், நந்தவனம் வைப்பதையும் பூவெடுப்பதையும் மாலை கட்டுவதையும் கோயில் திருத்தொண்டுகளின் வரிசையில் சேர்த்திருக்கிறார். ஆகவே வீட்டு வாசலில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும், கிணற்றடியில் மல்லிகையும், மதிலோரத்தில் அலரியும் வளர்ப்பது இணுவிலில் அழகுக்காக மட்டும் நடந்த காரியம் அன்று. அது ஒரு கடமை. கூடை நிறையாத நாளில் குறை செடியில் இல்லை, வளர்த்தவரிடம் உண்டு என்றே கருதப்பட்டது.

வளவுக்கு அப்பால் தோட்டத்திலோ வேறொரு பயிர் இருந்தது. அது புகையிலை. ஒல்லாந்தர் காலந்தொட்டு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலை, வலிகாமத்துக் குடும்பங்கள் பலவற்றின் செல்வமாக இருந்தது. புகையிலையில் விலைபோவது இலை. செடி பூக்கத் தொடங்கினால் சாரம் பூவுக்குப் போய்விடும், இலை மெலியும். எனவே மொட்டு வைக்கும் நேரம் பார்த்து நுனிக்குருத்தைக் கிள்ளிவிடுவார்கள். பக்கத்தில் வெடிக்கும் கிளைகளையும் ஒடித்துவிடுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் தோட்டத்தில் பூவைக் கிள்ளி எறிந்த அதே கை, மாலையில் கிணற்றடி மல்லிகையைப் பூக்கவைக்கப் பாடுபட்டது. இலைக்கு ஊட்டுவது வேறு, பூவுக்கு ஊட்டுவது வேறு என்ற வேறுபாட்டை அந்த மக்கள் எந்த நூலையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்து தெரிந்துகொண்டார்கள்.

புகையிலைக்கு எரு தாராளம். அறுவடை முடிந்த தோட்டத்தில் மாட்டுப்பட்டி, ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். குழை வெட்டிவந்து மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். வேலியிலிருந்தும் கூரையிலிருந்தும் கழித்த பழைய பனையோலையும் மண்ணுக்கடியில் போகும். மல்லிகைக்கோ அவ்வளவு படியளப்பதில்லை. நன்றாக மக்கிய எருவில் ஒரு கூடை, அதுவும் கிளை வெட்டிய பின்னர். மற்ற நாள்களில் அரிசி கழுவிய நீர். அடுப்புச் சாம்பலில் ஒரு சிறங்கை. தேநீர் வடித்த சக்கை. சுவாமிக்குப் பூக்கொடுக்கும் செடிக்கு மீன் கழுவிய நீரை ஊற்றாத வீடுகள் பலவற்றை நான் அறிவேன். அந்த நீர் முருங்கைக்கும் வாழைக்கும் போகும். பூச்செடிக்குச் சைவச் சாப்பாடுதான்.

மரத்தின் மசக்கை

செடிக்கு ஊட்டும் எண்ணம் நம் மரபில் பழையது. திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவில், உழுவதைவிட எருவிடுவது நன்று என்றும், நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் செய்வது நன்று என்றும் பொருள்படும் குறள் இருப்பதை எல்லோரும் அறிவர். அதற்கு முந்திய குறளை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி நிலத்தை உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் நிறைந்து விளையும் என்கிறது அது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் மண்ணைச் சீர்செய். பிறகு எருவைப் பற்றிப் பேசு.

வடமொழியில் சுரபாலர் என்பவர் இயற்றிய விருட்சாயுர்வேதம் என்ற மரமருத்துவ நூல் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழைமையானது என்று மதிக்கப்படும் அந்நூலின் கையெழுத்துச் சுவடி ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் இருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல் செகந்தராபாத்தில் வெளிவந்தது. விலங்கின் ஊன், கொழுப்பு, மச்சை ஆகியவற்றை நீரில் வேகவைத்து, எள்ளுப் புண்ணாக்கு, உளுந்து, தேன், பால், நெய் முதலியவற்றோடு புளிக்கவைக்கும் குணபம் என்ற திரவ எரு அதில் சொல்லப்படுகிறது. இன்றைக்கு வீடுகளில் செய்யும் திரவப் பசளைகள் எல்லாவற்றுக்கும் அதை மூதாதை எனலாம். நம் மல்லிகைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் மூதாதை என்பது வேறு விடயம்.

அந்த மரபில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. தோகதம் என்ற சொல். கருவுற்ற பெண்ணின் ஆசை, அதாவது மசக்கை, என்பது அதன் பொருள். பூப்பதற்கு முன்னர் மரத்துக்கும் அப்படியோர் ஆசை வரும். அதை நிறைவேற்றினால்தான் பூக்கும் என்று கவிகள் நம்பினார்கள். அசோகு பெண்ணின் பாதம் பட்டால் பூக்கும். மகிழ் அவள் வாயிலிருந்து மது உமிழ்ந்தால் பூக்கும். காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திர நாடகத்தில் அசோகுக்கு இந்தச் சடங்கு நடக்கிறது. விஞ்ஞானம் இதை ஏற்காது. ஆனால் ஓர் உண்மை அதற்குள் ஒளிந்திருக்கிறது. மசக்கைக்காரிக்கு ஊர்ச்சோற்றையெல்லாம் கொட்டுவது உபசாரம் அன்று. அவளுக்கு இப்போது எது வேண்டும் என்று பார்த்துக் கொடுப்பதே உபசாரம். மரத்துக்கும் அப்படித்தான்.

இரசாயனம் வந்த வழி

1828இல் ஜேர்மனியின் வோலர் யூரியாவை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். 1840இல் லீபிக், தாவரம் மண்ணிலிருந்து எடுப்பது கனிமச் சத்துகளையே என்று நிறுவும் நூலை வெளியிட்டார். இந்த இரசாயன அறிவு தமிழுக்கு வரவும் அதிக காலம் ஆகவில்லை. இணுவிலுக்கு மேற்கே நடந்துபோகும் தூரத்திலுள்ள மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு விஞ்ஞான நூல்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அப்பணியின் விளைவாகிய கெமிஸ்தம் என்ற தமிழ் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. மாணவர்கள் தமிழில் இரசாயனம் படித்த ஊருக்கு அயலூர்தான், சாம்பலும் குழையும் இட்ட இணுவில். இந்த இரண்டு அறிவுகளும் அன்றைக்கு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

அவை சந்தித்தது மிகவும் பிந்தி. அதுவும் உரப்பையின் வடிவில். 1909இல் ஹேபர் காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். 1913இல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். உலகின் விவசாயமே மாறியது. இலங்கையில் 1962இல் பசளை மானியம் தொடங்கியது. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. உற்பத்தி பெருகியது, கல்வீடுகள் எழுந்தன, கூடவே யூரியாவும் பெருகியது.

வீட்டு வளவிலும் அதன் தாக்கம் தெரிந்தது. தோட்டத்துக்கு வாங்கிய பையில் மிஞ்சிய ஒரு பிடி, கிணற்றடி மல்லிகைக்கும் விறாந்தைச் சாடிகளுக்கும் போனது. ஒரே கிழமையில் இலை கருநீலப் பச்சையாக மின்னும். பார்ப்பதற்கு மகிழ்ச்சி. பூவோ குறையும். காரணம் எளிது: நைதரசன் இலையையும் தண்டையும் வளர்க்கும் சத்து. அது மிகுந்தால் செடி, வளர்வதை நிறுத்திப் பூக்க வேண்டிய தேவையே இல்லாததுபோல் வளர்ந்துகொண்டிருக்கும். புகையிலைக்கு ஊட்டும் விதத்தில் மல்லிகைக்கு ஊட்டினால் மல்லிகையும் இலைப்பயிராகிவிடும். தாயும் பாட்டியும் கையளவாலேயே கடைப்பிடித்த வேறுபாட்டை, ஒரு பை யூரியா ஒரே தலைமுறையில் மறக்கச் செய்தது.

இழப்பு பூவோடு நிற்கவில்லை. செம்மண்ணில் இட்ட நைதரசனில் செடி எடுத்தது போக எஞ்சியது மழையோடு சுண்ணக்கல் இடுக்குகளில் இறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்கே திரும்பி வந்தது. செறிவான தோட்டச் செய்கை நடக்கும் வலிகாமப் பகுதிகளில், ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையைத் தாண்டிய கிணறுகள் இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வருகின்றனர். கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. மாட்டெருவும் மலக்குழியும்கூட இதில் பங்காளிகள் என்பதையும் மறைக்கலாகாது. இயற்கை எரு என்பதால் மட்டும் அது கிணற்றுக்குத் தீங்கு செய்யாது என்று சொல்ல முடியாது. ஆறில்லாத நாட்டில் செடிக்கு ஊற்றுவதையெல்லாம் கடைசியில் குடிப்பவர்களும் நாங்களே.

தடையும் இடப்பெயர்வும்

1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் ஆகியவற்றோடு இரசாயனப் பசளையும் தடைப்பட்டது. வெடிபொருளாகும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு. கிடைத்த தாளில், கிடைத்த அளவில் செய்தி அச்சாகிய காலம் அது. எங்களுக்குத் தாள் எப்படியோ, தோட்டக்காரருக்கு யூரியா அப்படி.

அந்த நாள்களில் இணுவில் பக்கம் நான் கண்டவை இன்னும் நினைவில் நிற்கின்றன. பழைய எருக்கும்பிகள் மீண்டும் உயர்ந்தன. பனையோலை விலைபெற்றது. அரிசி களைந்த நீரை வாய்க்காலில் ஊற்றிய வீடுகளில் அதைச் சட்டியில் சேர்க்கத் தொடங்கினார்கள். பூச்செடி வைத்திருந்த மூதாட்டி ஒருவரிடம், சோற்றுக்கே தட்டுப்பாடான நேரத்தில் பூச்செடி எதற்கு என்று கேட்டேன். "தம்பி, பிள்ளையாருக்குத் தடை போடேல்லைத்தானே?" என்றார். அவருடைய செடிகள் யூரியாக் காலத்தைவிட நன்றாகப் பூத்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதைத் தடையின் புண்ணியம் என்று சொல்ல நான் ஒருபோதும் துணியேன். பட்டினியும் மருந்தின்மையும் கொன்றவர்களை அறிந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. இல்லாமை வந்தபோது கைகொடுத்தது பழைய அறிவு என்பது மட்டுமே செய்தி.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாம மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தார்கள். இணுவிலும் வெறுமையானது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் 1996 ஏப்ரல் முதல் திரும்பத் தொடங்கினார்கள். திரும்பியவர்கள் வாயிலாகக் கேட்ட ஒரு காட்சியைப் பலர் ஒரேமாதிரி சொன்னார்கள். சாடிகளில் இருந்தவை கருகிப்போயிருந்தன. மல்லிகை பற்றைக்குள் மறைந்திருந்தது. மதிலில் ஏறியிருந்த போகன்விலா மட்டும், நாங்கள் கடதாசிப்பூ என்று அழைப்பது, யாரும் நீரூற்றாமல் யாரும் எருவிடாமல் கூரையை மூடிப் பூத்துக் கிடந்தது. பார்த்து அழுதவர்களும் உண்டு, ஆத்திரப்பட்டவர்களும் உண்டு.

அந்தச் செடியின் இயல்பு அது. பிரேசிலிலிருந்து உலகெங்கும் பரவிய போகன்விலா, நீர் குறைந்து சத்தும் குறைந்தால்தான் நிறையப் பூக்கும். ஊட்டி வளர்த்தால் முள்ளும் இலையுமாக நீளும். மல்லிகைக்கும் செவ்வரத்தைக்கும் அப்படியன்று. கவனிப்பார் இல்லாவிட்டால் அவை சோர்ந்துவிடும். பூச்செடி எல்லாவற்றுக்கும் ஒரே பசி இல்லை என்பதை அந்த வெறும் வீடுகள் கொடுமையான முறையில் காட்டின.

புகையிலை சொன்ன இரகசியம்

பூவுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடச் சிறியது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய செடியும் புகையிலைதான் என்றால் இணுவில்காரர் வியப்படைவர். அமெரிக்காவில் மேரிலாந்து மமத் என்ற புகையிலை இனம் கோடையில் பத்தடிக்கு மேல் வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்தால் சிறிய செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். கார்னர், அல்லார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் பசளை, வெப்பம், ஈரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் காரணமாகவில்லை. கடைசியில் கோடைநாளில் செடிகளைப் பிற்பகலில் இருட்டறைக்குள் தள்ளிப் பகலைக் குறுக்கிப் பார்த்தார்கள், பூத்தன. 1920இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பல தாவரங்கள் பகலிரவின் நீளத்தைக் கணித்தே பூக்கின்றன என்பதை நிறுவியது.

செவ்வந்தியும் நத்தார் காலத்தில் சிவக்கும் பொயின்செட்டியாவும் அவ்வாறு நீண்ட இரவைத் தேடுபவை. இரவு முழுவதும் விளக்கெரியும் அறையிலோ தெருவிளக்கின் கீழோ வைத்தால், உலகத்துப் பசளையெல்லாம் போட்டாலும் அவை தாமதிக்கும். மல்லிகை அந்த வகை அன்று. அது தேடுவது வெயில். நீண்ட கோடைப் பகலில் நேரடி வெயில் பட்டால் மேல்நாட்டிலும் பூக்கும். சன்னல் திரைக்குப் பின்னே நிழலில் நின்றால் இலையோடு நின்றுவிடும்.

வீட்டில் ஊட்டும் முறை

இனி, கேட்டவர்களுக்கு விடை. வரிசை முக்கியம், அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலாவது வெயில். மல்லிகைச் சாடியை வீட்டில் அதிக நேரம் வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். குளிர்நாடுகளில் கோடையில் வெளியே வையுங்கள். இரவின் குளிர் பத்துப் பாகைக்குக் கிட்ட இறங்கும்போது உள்ளே எடுத்துத் தெற்குச் சன்னலோரம் வையுங்கள்.

இரண்டாவது கத்தரிக்கோல். மல்லிகை புதிதாக வெடிக்கும் கிளையின் நுனியிலேயே மொட்டு வைக்கும். பூத்து முடிந்த கிளைகளை வெட்டாமல் விட்டால் பழைய தண்டே நீளும். தமிழ்நாட்டில் மல்லிகை பயிரிடுவோர் கார்த்திகை, மார்கழியில் செடியைக் குட்டையாக வெட்டிவிடுகிறார்கள். சிலகாலம் நீரைக் குறைக்கிறார்கள். பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்சுகிறார்கள். நம் ஊரில் இலையை உருவிவிடுவதும் இதே நோக்கத்துக்குத்தான். குளிர்நாட்டில் மாசி, பங்குனியில் வெட்டினால் கோடையில் பூக்கும்.

மூன்றாவதே உணவு. வளரும் காலத்தில் இரு கிழமைக்கு ஒரு தடவை போதும். நன்கு மக்கிய மாட்டெருவை நீரில் ஊறவைத்து, அந்தக் கரைசலில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, தெளிவை மட்டும் ஊற்றலாம். எள்ளுப் புண்ணாக்கு அல்லது கடலைப் புண்ணாக்கை சில நாள் ஊறவைத்து அதையும் அவ்வாறே ஐதாக்கலாம். அரிசி களைந்த நீரில் தவிட்டின் பொசுபரசும் பொட்டாசியமும் சிறிதளவு உண்டு. அன்றன்றைக்கு ஊற்றினால் நன்று. புளித்தால் எறும்பும் நாற்றமும் வரும். வாழைப்பழத் தோலில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் சாடியில் அப்படியே புதைத்தால் பூச்சி சேரும். கூட்டெருவில் சேர்த்து மக்கவிடுவதே முறை. தேயிலைச் சக்கை, பாலும் சீனியும் கலக்காததாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் செடி உறங்கும்போது எதுவும் ஊட்டாதீர்கள்.

நான்காவது, இடம் பார்த்துக் கொடுப்பது. இணையத்தில் முட்டைக்கோதும் சாம்பலும் எல்லாப் பூச்செடிக்கும் அமிர்தம் என்று சொல்கிறார்கள். முட்டைக்கோது சுண்ணாம்பு. சாம்பலும் காரம். புளிப்பான மண்ணுள்ள நாட்டில் இவை உதவலாம். இணுவிலில் நிலத்தின் அடி முழுவதும் சுண்ணக்கல். கிணற்று நீரும் வன்னீர். அங்கே சாடிக்கு முட்டைக்கோதைக் கொட்டுவது கடலுக்கு உப்புக் கொண்டுபோவதற்கு ஒப்பாகும். மண் மேலும் காரமாகி, செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை வெளிறுவது அதன் அடையாளம். அதற்கு மருந்து மேலும் பசளை அன்று, மழைநீர். மாரிகாலத்தில் கூரைநீரைப் பிடித்துவைத்துச் சாடிகளுக்கு ஊற்றுவது நல்லது. பாட்டிமார் சாம்பலை ஒரு சிறங்கைக்கு மேல் போடாததன் நியாயமும் இதுதான்.

ஆணையால் எரு வராது

இந்த வரலாற்றில் கடைசி அத்தியாயம் அண்மையது. 2021 மே மாதத்தில் கோத்தாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டும் என்று சொல்லப்பட்டது. விளைச்சல் சரிந்தது, கமக்காரர் வீதிக்கு இறங்கினர், அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 1990இல் பசளையில்லாமல் சமாளித்த வலிகாமத்தவர் இதைக் கேட்டு ஒரு கசப்பான சிரிப்புச் சிரித்தார்கள். தொண்ணூறுகளில் ஒவ்வொரு வீட்டிலும் மாடு இருந்தது. எருக்கும்பி வைக்கத் தெரிந்த முதியவர் இருந்தார். வேலியில் குழைக்குப் பூவரசு நின்றது. மூன்று தசாப்தங்களில் மாடு குறைந்து, வேலி மதிலாகி, முதியவர் மறைந்த பின்னர், கொழும்பிலிருந்து வந்த ஒரு வர்த்தமானி அறிவித்தல் அவற்றையெல்லாம் திருப்பிக் கொண்டுவருமா? இயற்கை எரு நல்லதா, இரசாயனம் நல்லதா என்ற வாதத்தில் இரு பக்கத்தாரும் மறப்பது இதைத்தான். எரு ஒரு பொருள் மட்டும் அன்று. அதைச் செய்யும் கையும், போதும் என்று நிறுத்தும் கண்ணும் சேர்ந்ததே எரு.

அந்தக் கண் இன்று அருகிவருகிறது. எந்தச் செடிக்கு எந்த நீர், எந்த மாதத்தில் வெட்டு, எப்போது பட்டினி போடுவது என்று அறிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் எழுதிவைத்தவர்கள் அல்லர். எழுதிவைக்கக் கேட்டவரும் இல்லை. போரும் இடப்பெயர்வும் வீட்டோடு சேர்த்து இந்த அறிவையும் சிதறடித்துவிட்டன. ஒரு பாதி ரொறன்ரோவின் அடுக்குமாடியில் இருக்கிறது. மறுபாதி இணுவில் கிணற்றடியில் இருக்கிறது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்படியொரு பெரியவர் இருந்தால், பசளையின் பெயரைக் கேட்காதீர்கள். அவர் செடியை எப்படிப் பார்த்தார் என்று கேளுங்கள். எந்த மாதத்தில் வெட்டினார், எவ்வளவு ஊற்றினார், எதைக் கண்டு நிறுத்தினார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அவருடைய ஊர், மண், கிணற்று நீரின் தன்மை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்; இடம் தெரியாத குறிப்பு பாதிக் குறிப்புத்தான். பங்குனியில் மல்லிகையை வெட்டும்போது அந்தக் கொப்பி பக்கத்தில் இருக்கட்டும்.